இடது காதுக் கடிதங்கள்

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில், நீந்தப் பழகவே பழகாத நான், ஆழத் தண்ணீருக்குள் என் சொந்த விருப்பத்தோடு குதித்தேன். ஒருவரும் தள்ளவில்லை. கால் வழுக்கவும் இல்லை. நீச்சல் எங்கள் இரத்தத்தில் ஓடுகிறது என்று அப்பா சொல்லியிருந்தார். இரத்தம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். அது பார்க்கவில்லை.

நான் மந்தமான பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். நூலகத்துக்குப் போகிற பிள்ளை. வாத்துக்குஞ்சு முட்டையை விட்டு வந்த கையோடு நீந்தும் என்று ஒரு படப்புத்தகத்தில் வாசித்திருந்தேன். வாத்துக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? புத்தகம் வாசிப்பதால் வருகிற ஆபத்துகளில் இது முதலாவது. மற்றவை பிற்பாடு வந்தன.

நோர்வேயில், ரொம்மன் பகுதியில் என்னோடு வளர்ந்து, இப்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த ஆண்டு நினைவிருக்கலாம். இரண்டாயிரம் பிறந்து மூன்றோ நாலோ வருடம். வெஸ்ட்லிக்குப் போகிற ரயில் எங்கள் குசினி யன்னலுக்குக் கீழே கடக்கும்போது தட்டுகள் இலேசாகக் கிலுங்கும். அப்பா தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. அம்மா முதியோர் இல்லத்தில். நான் ஒற்றைப் பிள்ளை. வீட்டுக் கதவுத் திறப்பு கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும்.

அப்பா ஊரில் கிளாக்கராக இருந்தவர். நோர்வேக்கு வந்தபிறகும் அவருக்குள் இருந்த கிளாக்கர் ஓய்வு பெறவில்லை. எங்கள் தொடர்மாடியில் எந்தத் தமிழ் வீட்டுக்கு அரச கடிதம் வந்தாலும் அது முதலில் எங்கள் மேசைக்குத்தான் வரும். அவர் சட்டைப்பையில் இருந்து பேனையை எடுப்பார், மூடியைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைப்பார், பிறகு "ம், சொல்லுங்கோ" என்பார். வந்தவர் தன் குறையைச் சொல்லுவார். அப்பா நோர்வீஜிய மொழியில் பெட்டிசம் எழுதுவார். ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்டதுபோல் நிற்கும்.

அவருடைய இன்னொரு பெருமை, தீவார் என்பது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கிற தீவுகளில் ஒன்றில் பிறந்தவர். "எங்களுக்கு ஆர் நீச்சல் பழக்கினது? மீனுக்கு ஆர் பழக்கினது?" என்பார். அம்மா பெருநிலத்துக்காரி. இந்த இடத்தில் எப்போதும் அவருக்கு அடுப்படியில் ஏதோ வேலை வந்துவிடும்.

நாலாம் வகுப்பில் செவ்வாய்க்கிழமைகளில் நீச்சல் வகுப்பு தொடங்கியது. பள்ளிக்கூடம் பிள்ளைகளை வரிசையாக நடத்தி நீச்சல் மண்டபத்துக்குக் கொண்டுபோகும். செய்தி வந்த அன்றே வீட்டில் ஆலோசனை நடந்தது. வெளியே பனி. ஈரத்தலையோடு பிள்ளை வெளியே வந்தால் தடிமன், தடிமன் சளியாகி நெஞ்சுக்கு இறங்கும். போதாததற்கு, நீரில் இறங்கமுன் எல்லாப் பிள்ளைகளும் உடுப்பில்லாமல் ஒன்றாக நின்று குளிக்கவேண்டுமாம். அதைக் கேட்டதும் அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

அப்பா பேனையை எடுத்தார். என் இடது காதில் நாட்பட்ட அழற்சி இருப்பதாகவும், வைத்திய ஆலோசனைப்படி தலை நனையக்கூடாது என்றும் எழுதினார். வைத்தியர் யார் என்று எழுதவில்லை. அது அவரேதான்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் என் இடம் நீச்சல் குளத்தின் கரையில் போட்டிருந்த நீளமான மர வாங்கு. மண்டபம் சூடாக இருக்கும். நான் முழுக்கால் உடுப்போடு, சப்பாத்துக்கு மேலே நீல நிறப் பிளாஸ்டிக் உறை மாட்டி இருப்பேன். குளோரின் மணம் தொண்டையில் காரமாக நிற்கும். இருபத்துமூன்று பேரின் கூச்சல் கண்ணாடிக் கூரையில் பட்டு ஒரே இரைச்சலாகத் திரும்பி வரும்; அதில் என் பெயர் இருக்காது. கொண்டுபோன புத்தகத்தின் தாள்கள் நீராவியில் அலை அலையாக நெளிந்துவிடும். "உனக்குச் சலிப்பாக இல்லையா?" என்று ஆசிரியை முதல் வாரம் கேட்டார். இரண்டாம் வாரம் கேட்கவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து ஈரத் துவாய்களை என் பக்கத்தில் குவிக்கத் தொடங்கினார்கள். வாங்கில் இடம் இருந்தது.

நீருக்குள் நடந்ததைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கஷ்டம். செவ்வாய்க்கிழமைப் பின்னேரம் வகுப்பே ஈரமாக இருக்கும். பெண்பிள்ளைகள் ஒரு சீப்பை மாறி மாறி வாங்கித் தலைவாருவார்கள். உடுப்பு மாற்றும் அறையில் தொடங்கிய ஏதோ ஒரு சிரிப்பு கணக்குப் பாடம் வரைக்கும் நீளும். நான் நல்லெண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையோடு உலர்ந்து போய் இருப்பேன். ஒருநாள் கழிவறைக்குப் போய் குழாயைத் திறந்து பின்னலின் நுனியை நனைத்துக்கொண்டு வந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் கவனித்தார். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே தடிமன் பிடித்தது. "பாத்தியளே, தண்ணிக்குள்ளை இறங்காமலே இப்பிடி" என்று அப்பா தன் மருத்துவத் தீர்ப்பை உறுதிசெய்துகொண்டார்.

எங்கள் வீட்டுப் பெட்டிசம் பலித்த செய்தி படிகளில் ஏறி இறங்கியது. மூன்றாம் மாடி அன்ரி வந்தார். பிறகு வான் ஓட்டுகிற மாமா. பிறகு முன்பின் தெரியாத ஆட்கள்.

"அண்ணை, எங்கடை பெடியனுக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ."

"அவனுக்கு என்ன வருத்தம்?"

"உங்கடை பிள்ளைக்கு இருக்கிறதே காணும்."

அப்பா முதற் கடிதத்தின் பிரதியை எடுத்து வைத்து, பெயரை மட்டும் மாற்றி எழுதினார். காதை மாற்றவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாசி மாதம் பள்ளிக்கூடத்துச் சுகாதாரத் தாதி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊசி போடுகிறவர், உயரம் அளக்கிறவர் என்றுதான் அவரை எங்களுக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பெருவிரல் ஓட்டையோடு இருந்த காலுறையில் உள்ளே வந்தார். அம்மா தேநீரும் ரோல்ஸும் வைத்தார். தாதி இரண்டாவது ரோல்ஸை எடுத்தபிறகுதான் பையிலிருந்து கடிதங்களை வெளியே எடுத்தார்.

"மிக அழகாக எழுதப்பட்டிருக்கின்றன," என்றார்.

அப்பா நிமிர்ந்து இருந்தார்.

"பதினொரு கடிதம். எல்லாம் ஒரே கையெழுத்து."

அப்பா கொஞ்சம் குறைந்து இருந்தார்.

"இந்தப் பிள்ளைகளைக் காது வைத்தியரிடம் அனுப்பவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் பதினொரு பேருக்கும் இடது காது."

அப்பா யன்னலைப் பார்த்தார். "குளிர்காற்று அந்தப் பக்கத்தால்தான் அடிக்கிறது," என்றார் நோர்வீஜிய மொழியில், இலக்கணப் பிழை ஒன்றுமில்லாமல்.

தாதி சிரிக்கவில்லை. ஒரு கொப்பியைத் திறந்தார். "நான் கடிதங்களைப் பிடிக்க வரவில்லை. இந்த நாட்டில் எங்கே பார்த்தாலும் தண்ணீர். கோடையில் உங்கள் பிள்ளைகள் ஏதோ ஒரு ஏரிக்கரையில் நிற்கத்தான் போகிறார்கள். வகுப்புக்கு வராமல் அவர்களைத் தடுக்கிறது என்ன என்று மட்டும் சொல்லுங்கள்." கேள்வியை அப்பாவிடம் அல்ல, அம்மாவிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு ஈரத்தலையைச் சொன்னார். பிறகு என்னைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, குளிக்கும் அறையைத் தானே கையாலும் முகத்தாலும் சொல்லி விளங்கவைத்தார். தாதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், மளிகைச் சாமான் பட்டியல் எழுதுவதுபோல.

எழும்பும்போது அப்பாவிடம் கேட்டார்: "நீங்கள் நீந்துவீர்களா?"

"நாங்கள் தீவார்."

"அப்படியென்றால், ஆம்?"

"தீவார்," என்றார் அப்பா மறுபடியும்.

அம்மா கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார், குடித்து முடியாத கோப்பையையும் சேர்த்து.

ஒரு மாதத்துக்குள் நீச்சல் மண்டபத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. சுவரில் தலை உலர்த்தும் இயந்திரங்கள் வந்தன. குளிக்கும் இடத்தில் திரைகள் தொங்கின. வகுப்பு கடைசிப் பாடத்துக்கு மாற்றப்பட்டது. தலை காய்ந்தபிறகு நேரே வீட்டுக்குப் போகலாம். காதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வியாழக்கிழமைகளில் தாய்மாருக்கு மட்டும் தனி வகுப்பு என்று அறிவித்தல் வந்தது. அம்மா இடுப்பு, நாரி நோவுக்கு நல்லதாம் என்று சொல்லிக்கொண்டு போனார். அங்கே முதல் நாள் நீந்தப் பழக்கவில்லையாம். ஒருவர் தத்தளித்தால் பின்னாலே குதிக்காமல், கரையில் குப்புறப் படுத்து, கையில் கிடைத்ததை எட்டக் கொடுக்கப் பழக்கினார்களாம். "காசில்லாமல் நிலத்திலை படுக்கப் பழக்கீனம்" என்றார் அப்பா.

மூன்றாம் மாடி அன்ரி மறுபடி வந்தார். "அண்ணை, காது சுகமெண்டு ஒண்டு எழுதித் தாங்கோ." பிறகு வான் மாமா. அப்பா சோர்வோடு பத்துக் காதுகளைக் குணமாக்கினார். பதினோராவது காது என்னுடையது.

"அப்பா, எனக்கு?"

"பெட்டிசம் எழுதினவனே பின்வாங்கினா, பிறகு அவன்ரை கடிதத்தை ஆர் நம்புவினம்?"

இன்று அவருடைய வயதை நெருங்கிக்கொண்டு யோசிக்கும்போது அந்த நியாயம் எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. முன்பு வாங்கில் இருந்தபோது, மற்ற வகுப்புகளிலும் என்னைப்போல ஒருவர் இருக்கிறார் என்றாவது ஒரு ஆறுதல். இப்போது பள்ளிக்கூடத்திலேயே அந்த வாங்குக்கு நான் ஒருத்திதான். ஆனி வரைக்கும் துவாய்களுக்குக் காவல் இருந்தேன்.

ஆனி நடுவில் எங்கள் தொடர்மாடித் தமிழ்க் குடும்பங்களின் கோடை ஒன்றுகூடல். காட்டுக்குள் ஒரு ஏரி. பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி, சோறு, பிளாஸ்டிக் பாய்கள், பூப்பந்து வலை. பெரியவர்கள் முப்பது பேராவது இருக்கும். நான் தட்டை வைத்துவிட்டு நீருக்குள் நீண்டிருந்த மரத்துறைக்கு நடந்தேன். அங்கே என் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர், தங்கள் வீட்டாரோடு வந்தவர்கள், துறையின் நுனியில் இருந்து குதித்துக் குதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். என் மேசைத் தோழி தலையை நீருக்கு மேலே நீட்டி என்னைப் பார்த்தாள்.

"நீயும் வா!"

ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்.

"உன் காது?" என்றாள் பிறகு.

"சுகமாகிவிட்டது," என்று சொல்லிவிட்டுக் குதித்தேன்.

நீர் மண்ணிறம், சாயம் கூடின வெறுந்தேநீர் மாதிரி. மேலே வெயில் ஒரு மஞ்சள் வட்டமாக ஆடியது. குளிர் காதுகளுக்குள் ஏறியது, இரண்டுக்கும் ஒரே அளவாக. நான் இரத்தத்துக்காகக் காத்திருந்தேன். கால்கள் எதையும் தொடவில்லை. ஒருதடவை முகம் வெளியே வந்தது. கத்தலாம் என்று நினைத்தேன், ஆனால் வாய் மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தது. மூழ்குகிறவர்கள் கூச்சல் போடுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அதற்கு நேரமில்லை. முப்பது பெரியவர்களில் ஒருவர்கூடத் திரும்பியிருக்க வழியில்லை. திரும்ப ஒரு சத்தமும் இல்லை.

மேசைத் தோழிதான் வீரிட்டாள்.

அதற்குப் பிறகு நான் கண்டது துண்டு துண்டாகத்தான். துறையில் ஓடிவரும் கால்கள். "அண்ணை, குதியுங்கோ" என்று வான் மாமாவின் குரல். "அண்ணை தீவார், விடுங்கோ அவருக்கு வழி" என்று இன்னொரு குரல். துறையின் நுனியில் அப்பா. அவர் சப்பாத்தைக் கழற்றினார். மணிக்கூட்டைக் கழற்றினார். சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்துப் பலகையில் உருளாமல் வைத்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதற்குமேல் கழற்ற ஒன்றும் இருக்கவில்லை. அவர் நின்றார். நான் மூன்றாம் தடவை மேலே வந்தபோதும் அவர் அப்படியே நின்றார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அதற்கு முன் நான் பகலில் பார்த்ததில்லை.

அவருடைய கால்களுக்கு இடையால் ஒரு பாய் வந்தது. சுருட்டிய பிளாஸ்டிக் பாய், சோற்றுப்பருக்கை ஒட்டியபடி. அதன் மறு நுனியில் அம்மா, சேலையோடு ஈரப்பலகையில் குப்புறப் படுத்திருந்தார்.

"பிடி. கையை எட்டிப் பிடி. என்னைப் பார்," என்றார். வீட்டில் சோறு சாப்பிடச் சொல்லுகிற அதே தொனி. பிடித்தேன்.

கரையில் என்னைப் போர்வையில் சுற்றினார்கள். மூக்கால் ஏரி வந்தது. பெண்கள் அழுதார்கள், சிலர் என்னை ஏசினார்கள். ஆண்கள் எல்லாரும் திடீரென்று மிக நல்லவர்களாகிவிட்டார்கள். "அண்ணை குதிக்க வெளிக்கிட்டவர், அதுக்குள்ளை அக்கா முந்திட்டா" என்றார் வான் மாமா. இன்னொருவர் அதை ஆமோதித்தார். பின்னேரத்துக்குள் அப்பா பாதி குதித்தே விட்டார். அவர் எதையும் மறுக்கவில்லை. துறையில் இருந்து பேனையை எடுத்துவந்து பையில் குத்திக்கொண்டு, ஒரு மரத்தின் கீழே தனியாக இருந்தார். யாராவது அவரை ஏசியிருந்தால் அவருக்குப் பேச ஒரு துணை கிடைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த கிழமை தாதி வந்தார். தொடர்மாடியின் கீழ் அறையில் எல்லாரையும் கூட்டி இருத்தினார்கள்.

"அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?"

"எல்லாரும்தான்," என்றார்கள்.

"ஒரு பெயர் சொல்லுங்கள்."



தாதி பையிலிருந்து ஒரு மஞ்சள் மேலங்கியை எடுத்தார், வீதி வேலைக்காரர் போடுகிற வகை. இனி ஒன்றுகூடினால் இதை ஒருவர் போட்டிருக்கவேண்டும். அவர் சாப்பிடக்கூடாது, கதைக்கக்கூடாது, அரை மணித்தியாலம் நீரை மட்டும் பார்க்கவேண்டும். பிறகு அடுத்தவருக்குக் கழற்றிக் கொடுக்கவேண்டும். துறையில் ஒரு நீண்ட தடியும் மிதவை வளையமும் கட்டித் தருவதற்கு நகரசபைக்கு எழுதவேண்டும். "இதை எல்லா வீடுகளுக்கும் எழுத ஒரு ஆள் வேண்டும்," என்றார். "உங்கள் ஆட்கள் எந்தக் கையெழுத்தை நம்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும்." அப்பாவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் அப்பா எழுதினார். முதலில் தமிழில் வீடுகளுக்கு. பிறகு நகரசபைக்கு. கடைசியாக ஒரு சின்னக் கடிதம். உறையை ஒட்டாமல் என் கையில் தந்தார். படியில் நின்று வாசித்தேன். "என் மகளின் காதில் ஒரு வருத்தமும் இல்லை. முன்பும் இருந்ததில்லை." கையெழுத்தும் பெயரும் முழுமையாக இருந்தன.

ஆவணியில் பள்ளி தொடங்கியதும் நீருக்குள் இறங்கினேன். வாத்தின் வேகத்தில் அல்ல. தை மாதத்துக்குள் நீந்தப் பழகிவிட்டேன். மேசைத் தோழியின் சீப்பில் என் முடியும் சிக்கியது. அதற்குள் அவள் குடும்பத்தோடு ஸ்தவாங்கர் நகரத்துக்கு மாறிப்போவதாக இருந்தது. அப்படித்தான் சில காரியங்கள் கைகூடுகின்றன.

அப்பா நீச்சல் பழகவில்லை. ஆண்களுக்கும் வகுப்பு வந்தது, போகவில்லை. ஆனால் அடுத்த கோடையில் இருந்து மஞ்சள் மேலங்கியை வேறு எவருக்கும் அவர் கொடுத்ததில்லை. அரை மணிக்கு ஒருவர் என்று தானே எழுதிய பட்டியலைத் தானே மீறினார். துறை தொடங்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, முதுகு சனத்துக்கு, முகம் நீருக்கு. பின்னால் கறி மணக்கும், சீட்டு விளையாடுவார்கள், பழைய பாட்டுப் போடுவார்கள். அவர் உதடு அசைய நீருக்குள் நிற்கும் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். நான் நடு ஏரியில் மல்லாந்து மிதந்தபடி பார்ப்பேன்: பச்சைக் காட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி. கை காட்டுவேன். எண்ணிக்கை பிசகும் என்று திருப்பிக் காட்டமாட்டார். ஆறு கோடை அப்படி இருந்தார். அந்த ஏரியில் எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு ஒருவரும் நன்றி சொல்வதில்லை, நானும் சேர்த்து. அப்பா போய் இப்போது நாலு வருடம்.

இதை எழுதி முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் பழுது, காதால்தான் வாசிக்கிறார். கடைசியில் ஒரு அழகான பந்தி வைத்திருந்தேன். கடல் நடுவே பிறந்த ஒரு மனிதர், நான்கு பக்கமும் அலை கேட்டு வளர்ந்தவர், தன் கடலை இழந்து ஓர் அந்நிய ஏரிக்கு முன்னால் உறைந்து நின்றார் என்று, நானே கொஞ்சம் கலங்கிப்போன பந்தி.

அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஆர் அலை கேட்டு வளந்தது? அவையின்ரை வீடு தீவுக்கு நடுவிலை, புகையிலைத் தோட்டத்துக்குள்ளை. உன்ரை கொப்பர் கடலைக் கண்டதே பாலத்தாலை பட்டணத்துக்குப் போற பஸ்ஸிலை இருந்துதான். அதுவும் பாதி நாள் நித்திரை."